மண்ணெண்ணெய் இறங்கும் வரை

தேசிக் அண்ணா இறந்து அன்றோடு ஒன்பது நாள். அம்மாவுக்கு மட்டும் தெரியாது.

ஓமானில் ஒரு சாலை விபத்து. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது. ஆனால் வலது காலில் எலும்பு முறிவு, போன் நொறுங்கிவிட்டது, வலிக்கு மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறார்கள், கொஞ்சம் தேறியதும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். அம்மாவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. சொல்லும்போது டாக்டர் பக்கத்தில் இருக்கட்டும், நாலு பேர் கூட இருக்கட்டும் என்று பெங்களூரிலிருந்து ரங்கநாத் சித்தப்பா போனில் சொன்னார். எங்கள் பக்கத்தில் வளைகுடாச் சாவை இப்படித்தான் வைத்துக்கொள்கிறார்கள். பெட்டி வருகிற அன்றைக்குத்தான் பெற்றவளுக்குத் தெரியும்.

அண்ணாவுடன் வேலை பார்த்த ஹாரிஸ் காயல்பட்டினத்துக்காரர். அங்கே ஆபீஸ் ஆபீஸாக அலைந்து உடலை அனுப்ப ஏற்பாடு செய்தவர் அவர்தான். அம்மா ஒருநாள் அவரைக் கூப்பிட்டுப் பேசினாள். "தூங்குறான் மாமி, எழும்பினதும் பேசச் சொல்லுதேன்" என்றாராம். அடுத்த முறை அம்மா கூப்பிட்டபோது அவர் எடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் அப்பா என்னைக் கொல்லைப்புறத்துக்கு அழைத்தார்.

"ராத்திரி திருவனந்தபுரத்துக்கு வந்துடறது. விடியறத்துக்குள்ள இங்கே கொண்டு வந்துடுவா. மத்தியானத்துலேர்ந்து ஒவ்வொருத்தரா வர ஆரம்பிப்பா. நீ அம்மாவை எங்கேயாவது அழைச்சுண்டு போ. நாலு மணிக்கு முன்னாடி திரும்பாதே. டாக்டர் நாலு மணிக்குத்தான் வரேன்னிருக்கார்."

"எங்கேப்பா அழைச்சுண்டு போறது?"

"அந்தக் கார் சாமானுக்கு நச்சரிச்சுண்டு இருக்காளே. அதுக்குப் போ."

கார் அண்ணா வாங்கியது. பழைய மாருதி 800. வேலைக்குப் போன முதல் லீவில் வந்து, திருநெல்வேலியில் ஒரு வாத்தியாரிடம் வாங்கினான். இரண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் ஓட்டி எஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. எஞ்சினின் மேல் பாகத்துக்கு ஹெட் என்று பெயர். அதில் விரிசல். ஆழ்வார்திருநகரியில் எங்கள் மெக்கானிக் பெவின் அதைக் கழற்றி வைத்துவிட்டு, புதுசு வேண்டாம், தூத்துக்குடியில் பழைய சாமான் கடையில் சேருகிற மாதிரி ஒன்று பார்த்து வாங்கி வாருங்கள் என்றான். யாரும் அவசரப்படவில்லை. அண்ணாவுக்குக் கால் முறிவு என்று கேட்டதிலிருந்து அம்மா அவசரப்பட்டாள். நீட்டிய காலோடு வாடகைக் காரில் அவனைக் கொண்டு வரக்கூடாது. அவன் வண்டியில், முன் சீட்டைப் பின்னால் சாய்த்து, தலையணை வைத்துக் கொண்டு வர வேண்டும். தினமும் பெவினுக்குப் போன் செய்தாள். எது சேரும், எது சேராது என்று அவனிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டாள்.

தூத்துக்குடி போகலாம் என்று நான் சொன்னதும் பத்து நிமிஷத்தில் புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

பழைய ஹெட்டை ஒத்துப்பார்க்க வேண்டும் என்பதால் பெவின் அதை உரச் சாக்கில் கட்டிக் கொடுத்திருந்தான். நல்ல கனம். பஸ்ஸில் அம்மா அதை என்னிடம் தரவில்லை. இரண்டு பாதங்களுக்கு நடுவே வைத்துக்கொண்டாள்.

"சாக்குல என்ன தாயி?" என்றார் கண்டக்டர்.

"என் பிள்ளையோட கார்."

"காருக்கு எவ்வளவு லக்கேஜ் போடணும்னு எங்களுக்குச் சொல்லித் தரலையே."

அம்மா சிரித்தாள். முன் சீட்டில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏரல் பாலத்தில் ஆற்றைப் பார்த்தேன். தண்ணீர் ஒரு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது.

கடை, துறைமுகத்துக்குப் போகிற சாலையை விட்டுத் தள்ளி, லாரி ஷெட்டுகளுக்கு நடுவே இருந்தது. பிரித்த கார்களின் கதவுகளைச் சுவரோரம் நிறம் நிறமாகச் சாய்த்திருந்தார்கள். தரையெல்லாம் எஞ்சின்கள். உப்புக் காற்று பட்டு அலுமினியம் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. கடைக்காரர் தனராஜ் அண்ணாச்சி ஒரு லாரி டயர் மேல் பலகை போட்டு உட்கார்ந்து, அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. என்ன வண்டி?"

"மாருதி 800. பழைய மாடல், கார்புரேட்டர் வண்டி. ஹெட் வேணும்" என்றாள் அம்மா.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். "நீங்கதான் மெக்கானிக்கா?"

"மெக்கானிக் ஊர்ல இருக்கான். நான் அவனோட வாய்."

அவர் உள்ளே போய் ஒன்றைத் தூக்கி வந்து கால் பக்கத்தில் வைத்தார். அம்மா குனிந்து அதைப் புரட்டி, வட்டமான வால்வுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

"இதுல பன்னெண்டு இருக்கே அண்ணாச்சி. எனக்கு ஆறு இருந்தா போறும்."

"கூட ஆறு கெடந்தா நல்லதுதானம்மா."

"எனக்கு ஒரு பிள்ளை, ஒரு பொண்ணு. கூட ஆறு பேரைக் கொடுத்தா ஆத்துல எங்கே வச்சுக்கறது?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஆல்டோ ஹெட்டும்மா. தெரியுதான்னு பாத்தேன். இருங்க, ஆம்னி ஒண்ணு பிரிச்சது கெடக்கு. உங்க வண்டி எஞ்சினும் அதுவும் ஒண்ணுதான்."

ஆம்னி ஹெட் வந்தது. சாக்கை அவிழ்த்து எங்களுடையதை அதன் பக்கத்தில் வைத்தோம். போல்ட் துவாரங்கள் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தன. கார்புரேட்டர் உட்காரும் இடமும் சரி. நான் பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து அதன் முகத்தில் செங்குத்தாக வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். நீளவாக்கில், குறுக்குவாக்கில், மூலைக்கு மூலை. தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அது வளைந்திருந்தால் வேறு கடைக்குப் போகலாம், வேறு தெருவுக்குப் போகலாம். எங்கும் வெளிச்சம் தெரியவில்லை.

மணி பன்னிரண்டு கூட ஆகவில்லை.

எனக்கு வெளியாட்களிடம் பேச வராது. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி வாய்மொழித் தேர்வில் தெரிந்த பதிலையே சொல்லாமல் நின்றவள் நான். அன்று எப்படிப் பேசினேன் என்று தெரியவில்லை.

"மண்ணெண்ணெய் ஊத்திப் பாக்கணும்" என்றேன்.

"தாராளமா பாருங்க. பத்து நிமிசம் நின்னா தெரிஞ்சுபோவும்."

"ரெண்டு மணி நேரம் நிக்கணும்."

அவர் விசிறுவதை நிறுத்தினார். "ஏ தாயி, எந்தக் கப்பலுக்கு வாங்குத?"

அம்மா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். "அவள் சயின்ஸ் படிச்சவள் அண்ணாச்சி. அப்படித்தான் பாப்பாள்."

ஹெட்டைத் தலைகீழாக இரண்டு கட்டைகள் மேல் வைத்து, பழைய பிளக்குகளை மாட்டித் துவாரங்களை அடைத்தார். மூன்று சிலிண்டர்களுக்கு மூன்று குழிகள். மூன்றிலும் விளிம்பு வரை மண்ணெண்ணெய் ஊற்றினார். மண்ணெண்ணெய்க்குப் பரப்பு இழுவிசை குறைவு. தண்ணீர் தங்குகிற இடுக்கில் அது தங்காது, இறங்கிவிடும். வால்வு சரியாக உட்காரவில்லை என்றால் குழியில் மட்டம் குறையும். நான் கீழே உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். அண்ணாச்சி அம்மாவுக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"பிள்ளை எங்கன இருக்காரு?"

"ஓமான்ல. வண்டி மோதிக் கால்ல அடி. ரெண்டு மூணு நாள்ல வந்துடுவான். அதுக்குத்தான் இந்த அவசரம். சொந்த வண்டியில வந்தா அவனுக்கும் ஒரு தெம்பு."

"போன்ல பேசுனீகளா?"

"எங்கே பேசறது. மருந்து கொடுத்துத் தூங்கப் பண்ணிருக்கா. எப்போ கேட்டாலும் தூங்கறான்னுதான் சொல்றா."

 அண்ணாச்சி அட்டையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் குழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் எரிந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. இந்தக் கரையில் யாருக்குத்தான் புரியாது.

"டீ சொல்லுதேன்" என்று எழுந்து போனார்.

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "நல்ல மனுஷன். விலையில ரொம்பப் பேசாதே."

டீ வந்தது. கொஞ்ச நேரத்தில் லாரி ஒன்று பக்கத்துச் சந்தில் திரும்ப முடியாமல் நின்றுகொண்டு ஹாரன் அடித்தது. அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். அவன் வந்தால் படுக்க முன்னறையா உள்ளறையா. மாடிப்படி ஏற முடியாது. திருக்குறுங்குடிப் பெண் வீட்டாருக்கு என்ன சொல்வது. அந்தப் பெண்ணின் ஜாதகம் பொருந்தியிருந்தது. கால் முறிந்த சேதி அவர்கள் காதுக்குப் போனால் தயங்குவார்கள், அதனால் ஊரில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மா உடனே ஒப்புக்கொண்டு, கோயிலுக்குப் போனால் நாலு பேர் விசாரிப்பார்கள் என்று வாசலுக்குக்கூட வராமல் இருந்தாள். ஊரில் பாதிப் பேருக்கு உண்மை தெரியும். அவள் வெளியே வராமல் இருந்தது எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

"உங்கப்பா போக்குத்தான் எனக்குப் பிடிபடலை" என்றாள். "அன்னிலேர்ந்து பெருமாளைத் தொடலை. முதுகு பிடிச்சுண்டிருக்காம், திருவாராதனத்துக்கு உக்கார முடியலையாம். ஆனா போனை எடுத்துண்டு தெருக்கோடி வரைக்கும் நடக்கறார். நான்தான் விளக்கேத்தறேன். பாசுரம் சொல்றேன். ஒருத்தியாச் சொன்னா குரலே எழும்ப மாட்டேங்கறது."

 அம்மா விளக்கேற்றும் நேரத்தில் அப்பா கொல்லைப்புறம் போய்விடுவார். தீட்டில் பெருமாளைத் தொடக்கூடாது. நாற்பது வருஷம் ஒருநாள் விடாமல் திருவாராதனம் செய்தவருக்கு அது தெரியாதா. அம்மாவைத் தடுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டும். நான் மூன்று நாள் விலக்கு என்று ஒதுங்கி உட்கார்ந்தேன். நாலாம் நாளிலிருந்து என்னிடமும் காரணம் இல்லை. அம்மா பூத்தொடுத்து என் கையில் கொடுத்தபோது வாங்கிக்கொண்டேன்.

"இறங்கித்தா பாரு" என்றாள் அம்மா.

மட்டம் விளிம்பிலேயே நின்றது. துளி குறையவில்லை. அடிப்பக்கத்தில் விரல் விட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

"போறுமே. எடுத்துண்டு கிளம்பலாம்."

அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்தார். "நிக்கட்டும்மா. இன்னும் ஒரு மணி நேரம் நின்னா நல்லதுதான்."

"பத்து நிமிஷம் போறும்னு நீங்கதானே சொன்னேள்?"

"வெயில் ஏறட்டும். சூட்டுலதான் சில வால்வு வேலையக் காட்டும்."

அம்மா அவரைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் முதல்முறையாக ஒரு கேள்வி இருந்தது. பிறகு அவளாகவே அதை விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். கொண்டு வந்த தயிர்சாதத்தை இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவள் பாதிதான் சாப்பிட்டாள்.

இரண்டு மணிக்குமேல் அப்பா போன் செய்தார். நான் கதவுகள் சாய்த்திருந்த பக்கமாகப் போய் எடுத்தேன்.

"எல்லாரும் வந்தாச்சு. இப்போ கிளம்பினா சரியா இருக்கும். எப்படி இருக்கா?"

"நன்னா இருக்கா" என்றேன்.

"வேற எங்கேயும் இறங்காம நேரா வா."

திரும்பி வந்தபோது அண்ணாச்சி மண்ணெண்ணெயைத் தகர டப்பாவில் வடித்துவிட்டு ஹெட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா பேரம் பேசவில்லை, அவரும் கூட்டிச் சொல்லவில்லை. சாக்கு எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனவரை அம்மா நிறுத்திக் கேட்டாள்.

"அண்ணாச்சி, ஏரல் பஸ் பெருங்குளத்துல நிக்குமோ?"

"சாயர்புரம் வழியா போறது நிக்கும்."

"அதுல போலாம்" என்று என்னிடம் சொன்னாள். "பெருங்குளத்துல இறங்கி மாயக்கூத்தன் பெருமாளைச் சேவிச்சுட்டுப் போயிடலாம். அங்கே நம்மை யாருக்கும் தெரியாது. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டா. தேசிக் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணணும்னு மனசு அடிச்சுண்டே இருக்கு."

"நாழியாயிடும்மா."

"போறத்துக்குள்ள நடை திறந்துடுவா."

"அப்பா உடனே வரச் சொன்னார்."

"பத்து நிமிஷத்துல என்ன கெட்டுப் போறது?"

"எனக்குத் தலை வலிக்கறது."

"அப்போ நீ பஸ் ஸ்டாப்புல உக்காந்திரு. நான் மட்டும் போயிட்டு வரேன்." கைப்பையைத் திறந்து சில்லறை எடுத்துத் தனியாக முடிந்துகொண்டாள். "பேரு தேசிகன், ரேவதி நட்சத்திரம், தீர்க்காயுசா இருக்கணும்னு பட்டர்கிட்ட நானே சொல்லிக்கறேன்."

வீட்டில் ஏற்றிய விளக்குக்கு அப்பா பொறுப்பு, நான் பொறுப்பு. அதை அவளிடம் என்றைக்காவது சொல்லி அழலாம். ஆனால் அவள் கோயிலுக்குள் போய், இல்லாத பிள்ளைக்கு ஆயுசு கேட்டுவிட்டு, தீர்த்தம் வாங்கிக் குடித்துவிட்டு வந்து நின்றால், பந்தல் போட்ட வாசலில் அவளுக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வரும். சாகிற வரை வரும். டாக்டர் நாலு மணிக்கு ஆழ்வார்திருநகரியில் இருப்பார். இங்கே நானும் ஒரு கடைக்காரரும்தான்.

"உக்காரும்மா" என்றேன்.

"இப்பத்தானே எழுந்துண்டேன்."

"உக்காரு."

உட்கார்ந்தாள். நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். நாடி சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்தது.

"கோயிலுக்குப் போகப்படாது. நமக்குத் தீட்டு."

அவள் பதறவில்லை. இழவுச் சேதி கேட்டுப் பழகியவள் போல முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள்.

"யாரு? நாங்குநேரிப் பெரியப்பாவா?"

நான் அவள் மணிக்கட்டை விடவில்லை.

"எண்பத்தெட்டு வயசு. கஷ்டப்படாமப் போனாரோ? இதைச் சொல்றதுக்கா ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வச்சுண்டு இருந்தேள்? நான் என்ன குழந்தையா?"

"அவர் நன்னா இருக்கார்."

"பின்னே ராஜம் அத்தையா? அவள் வேற ஆத்துக்குப் போனவள், நமக்கு இவ்வளவு தீட்டு கிடையாதே." விரலை மடக்கினாள். "பங்காளின்னா வேற யாரு. ரங்கநாத்துக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லை. அவர் நம்மாத்துக்கு வந்திருக்கார்."

மடக்கிய விரல் அப்படியே நின்றது.

"ரங்கநாத் எதுக்கு வந்திருக்கான்?"

அண்ணாச்சி சாக்கோடு நிலையருகில் வந்தார். எங்களைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

"எப்போலேர்ந்து தீட்டு?" என்றாள் அம்மா.

நான் ஹெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்கப்பாவுக்கு முதுகு பிடிச்ச நாள்லேர்ந்தா?"

தலையசைத்தேன். என் விரலுக்கு அடியில் நாடி வேகமாக ஓட ஆரம்பித்தது. அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு கையை நீட்டிப் பக்கத்தில் இருந்த ஹெட்டைப் பிடித்துக்கொண்டாள், பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல.

"கமலி" என்றாள். "கால்தானே. கால்லதானே அடின்னு சொன்னா."

"கால்ல இல்லம்மா. அண்ணா செத்துப் போயிட்டான்."